வெயிலும் விட்டிலும்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் நம் கடலூர், சிதம்பரம் பக்கங்களில் நண்பகலில் தெருக்கள் வெறிச்சோடிவிடும். மாடுகள் மர நிழலில் ஒதுங்கும். கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கும். நாமோ நுங்கையும் நீர்மோரையும் தேடுவோம். பிற்பகலில் கடற்காற்று ஏறினால்தான் உயிர் வந்தது போலிருக்கும். ஒதுங்குவதற்குக் கால்களும், குடிப்பதற்கு மோரும் உள்ள நமக்கே இந்தப் பாடு. அப்படியானால், இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடுகினும் சிறிய முட்டை என்ன செய்யும்? காலும் சிறகும் இன்றி மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழு என்ன செய்யும்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அந்துப்பூச்சிகளின் வாழ்க்கையைச் சற்று ஆராய்வோம். இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. நம்மில் பலருடைய வீடுகளில் உண்ணும் சோறும் கட்டும் பள்ளிக் கட்டணமும் நெல்லிலிருந்தும் கரும்பிலிருந்தும் மல்லாட்டையிலிருந்தும் வருபவை. இம்மூன்று பயிர்களையும் தாக்கும் பெரும் பகைவர்களில் அந்துப்பூச்சிகளின் புழுக்கள் முன்வரிசையில் நிற்கின்றன. பகைவனை வெல்ல வேண்டுமானால் அவனுடைய பலமும் பலவீனமும் எந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஓர் உயிர், நான்கு உடல்கள்

மழைக்காலத்து இரவில் விளக்கைச் சுற்றி வந்து விழும் விட்டில்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளே. பட்டாம்பூச்சியின் நெருங்கிய உறவினங்கள் இவை. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் சிறு குமிழ் போல் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். பட்டாம்பூச்சி பகலில் உலாவும். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை இரவில் உலாவும்.

இரண்டிற்கும் வாழ்க்கை நான்கு பருவங்கள் கொண்டது: முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி. முட்டை அசையாது, உண்ணாது. புழு ஓயாமல் உண்ணும். கூட்டுப்புழு மறுபடியும் அசையாது, உண்ணாது. ஆனால் அதன் உள்ளே பழைய உடல் கலைந்து புதிய உடல் கட்டப்படுகிறது. பூச்சி பறக்கும், இணை சேரும், முட்டையிடும், மடியும். ஒரே உயிர்தான், ஆனால் நான்கு உடல்கள். ஆகவே வெயிலைத் தாங்கும் திறனும் நான்கு விதமாகவே அமைந்திருக்கிறது. நாம் சொல்ல வந்த செய்தியின் வேர் இதுதான்.

உடல் என்னும் அடுப்பு

உண்ட உணவை உயிர்வளியுடன் சேர்த்து எரித்து, அதிலிருந்து ஆற்றலைப் பெற்று, அந்த ஆற்றலால் உடலைக் கட்டியும் பழுது பார்த்தும் வாழ்வதையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். இதை ஓர் அடுப்புக்கு ஒப்பிடலாம். நம் உடல் அடுப்பின் சூடு வெளியே எப்படி இருந்தாலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. பூச்சிகளின் நிலை வேறு. வெளிச் சூடு ஏறினால் அவற்றின் உடல் சூடும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

சூடு ஏறினால் அடுப்பும் வேகமாக எரியும். 10 டிகிரி உயர்ந்தால் வளர்சிதை மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது பொது விதி. இதனால்தான் குளிர்காலத்தில் மெல்ல வளரும் புழு, வெயில் காலத்தில் விரைவாக வளர்கிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. உடலின் வேலைகளைச் செய்யும் நொதிகள் யாவும் புரதங்கள். முட்டையின் வெள்ளைக் கரு வெந்நீரில் கெட்டியாவது போல, அளவு மீறிய சூட்டில் புரதங்கள் உருக்குலைந்துவிடும். பெரும்பாலான பூச்சிகளுக்கு 40 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து நெருங்கிவிடுகிறது.

இந்த ஆபத்தை எதிர்கொள்ள உயிரணுக்களுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. 1962ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருசியோ ரித்தோசா, பழ ஈயின் உயிரணுக்கள் சூடுபட்டதும் அவற்றின் நிறப்புரிகளில் (குரோமோசோம்களில்) குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் விழித்தெழுந்து வேலை செய்வதைக் கண்டு வெளியிட்டார். அங்கே தயாராகும் புரதங்கள், உருக்குலையும் மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர உதவுகின்றன. இவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படுகின்றன. பட்டுப்புழுவிலும் இவை உண்டு. நம் உடலிலும் உண்டு. மிதமான சூட்டை முன்பே பட்டறிந்த பூச்சி, பின்னர் வரும் கடும் சூட்டைச் சற்று அதிகமாகத் தாங்குவதற்கு இவையும் ஒரு காரணம். ஆனால் இவற்றைத் தயாரிக்கவும் ஆற்றல் செலவாகும். சும்மா கிடைப்பது எதுவுமில்லை.

இனி ஒவ்வொரு பருவமாகக் காண்போம். நமக்கு வழிகாட்டியாக இரண்டு உயிர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நம் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மானாவாரி நிலங்களில் மல்லாட்டையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு. மற்றொன்று, ஓசூர், கிருஷ்ணகிரி, உடுமலைப்பேட்டை பக்கங்களில் உழவர்கள் பிள்ளை போல் வளர்க்கும் பட்டுப்புழு. முன்னதை அழிக்கப் பார்க்கிறோம். பின்னதைக் காக்கப் பார்க்கிறோம். இரண்டுமே அந்துப்பூச்சியின் மக்கள்தாம்.

முட்டை

முட்டைக்கு ஓடவும் முடியாது, உண்ணவும் முடியாது. தாய் கட்டிக் கொடுத்த மஞ்சள் கருவே அதன் சோற்று மூட்டை. அதன் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று உள்ளே போகிறது. அதே வழியில் ஈரம் வெளியே போகிறது. எனவே சூடு மட்டுமன்றி வறட்சியும் முட்டைக்குப் பகை.

தாய்ப்பூச்சி இதற்கு வழி செய்கிறது. சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் இலையின் அடிப்புறத்தில் கும்பல் கும்பலாகப் பல நூறு முட்டைகளை இடுகிறது. இலையே குடையாகிறது; இலையிலிருந்து வெளிப்படும் நீராவி குளிர்ச்சி தருகிறது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் நெல்லைத் தாக்கும் தண்டு துளைப்பானின் தாய் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தன் வயிற்று நுனியிலுள்ள மெல்லிய மயிர்களை உதிர்த்து முட்டைக் குவியலைப் போர்த்திவிடுகிறது.

பட்டுப்புழு முட்டைகளை ஏறத்தாழ 25 டிகிரியிலும், நல்ல ஈரப்பதத்திலும் வைத்துப் பொரிக்கச் செய்வார்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. ஆண்டுக்கு இரு தலைமுறை தரும் இனத்தின் முட்டையை 25 டிகிரியில் வெளிச்சத்தில் வைத்தால், அதிலிருந்து வளர்ந்து வரும் தாய்ப்பூச்சி நீண்ட உறக்கத்தில் ஆழும் முட்டைகளை இடும். அதே முட்டையை 15 டிகிரியில் இருட்டில் வைத்தால், அந்தத் தாய் இடும் முட்டைகள் உறங்காமல் உடனே பொரியும். முட்டையாயிருந்தபோது பட்ட சூட்டை அந்த உயிர் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பூச்சியான பிறகும் மறக்கவில்லை. அந்த நினைவு அடுத்த தலைமுறையில் வெளிப்படுகிறது!

புழு

புழுவுக்கு ஒரே தொழில் தின்பது. முட்டையிலிருந்து வெளிவரும் பட்டுப்புழு அரை மில்லிகிராம் எடைகூட இராது. ஏறத்தாழ இருபத்தைந்து நாட்களில், நான்கு முறை தோலுரித்து, அதன் எடை பத்தாயிரம் மடங்கு பெருகுகிறது. மூன்று கிலோ எடையுள்ள கைக்குழந்தை அதே விகிதத்தில் வளர்ந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பதாயிரம் கிலோ!

இப்போது ஒரு கேள்வி. இளம்புழு, முதிர்ந்த புழு இரண்டில் எது அதிகச் சூட்டைத் தாங்கும்? வலுத்து நிற்கும் முதிர்ந்த புழுதான் என்று சொல்லத் தோன்றும். உண்மை நேர்மாறானது. பட்டு வளர்ப்பாளர்கள் முதல் பருவப் புழுக்களை 27, 28 டிகிரியிலும், நிறைந்த ஈரப்பதத்திலும் வளர்ப்பார்கள். பருவம் ஏற ஏறச் சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்தாம் பருவத்தில் 23, 24 டிகிரிக்குக் கொண்டுவருவார்கள், ஈரப்பதத்தையும் குறைப்பார்கள்.

காரணம் என்ன? முதிர்ந்த புழுவின் உடல் பருமனானது. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைவு. சின்னஞ்சிறு கிண்ணத்துப் பால் விரைவில் ஆறுகிறது. பெரிய அண்டாவில் உள்ள பால் நெடுநேரம் சூடாகவே இருக்கிறது அல்லவா? அதுபோலத்தான். மேலும் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. அடுப்பு முழு வீச்சில் எரிகிறது. உள்ளே பட்டுச் சுரப்பியும் பெருக்கிறது. அதன்மேல் வெளிச் சூடும் சேர்ந்தால் தாங்காது. பசி குறையும், நோய் தொற்றும், கூடு மெலியும். அதனால்தான் கோடையில் வளர்ப்பு மனையின் சன்னல்களில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவதும், கூரைமேல் கீற்று வேய்வதும், தட்டில் புழுக்களை நெருக்காமல் இடம்விட்டு வைப்பதும் வழக்கமாயிருக்கின்றன. ஒரு பட்டுச் சேலை நெசவாளியின் தறிக்கு வருமுன், அந்த நூலைத் தந்த புழுவுக்குச் சூடு படாமல் யாரோ ஒரு தாய் நாள் முழுவதும் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

எல்லாப் புழுவுக்கும் வெயில் ஒரே அளவில் பகையாகிவிடாது. கரும்பின் இளங்குருத்துப்புழு வெப்பமும் வறட்சியும் மிகுந்த மாதங்களில்தான் பெருகுகிறது. அது குருத்தின் உள்ளே புகுந்து, கரும்பின் ஈரத்திலேயே மறைந்து வாழ்கிறது. கரும்பு நட்டபின் பார்களில் சோகையைப் பரப்பி மூடும் வழக்கம் இதை உத்தேசித்ததே. சோகை மண்ணின் சூட்டைத் தணிக்கிறது, ஈரத்தைக் காக்கிறது, புழுவின் தாக்குதலையும் குறைக்கிறது. சோகையைக் கொளுத்திவிடுபவர்கள் பணம் கொடுத்து வாங்காத மருந்தைக் கொளுத்துகிறார்கள்.

கூட்டுப்புழு

இப்போது நம் சிவப்புக் கம்பளிப்புழுவிடம் வருவோம். நாற்பது, ஐம்பது நாட்கள் மல்லாட்டை இலைகளைத் தின்று கொழுத்த புழு, வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணைத் துளைத்து இறங்குகிறது. பத்து முதல் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குள், கூட்டுப்புழுவாகிறது. பிறகு ஏறத்தாழ பத்து மாதங்கள் அங்கேயே கிடக்கிறது.

பத்து மாதம் என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டுகிறது, அது எழுவதில்லை. தை, மாசி பனி வருகிறது, எழுவதில்லை. சித்திரை, வைகாசி வெயில் மேலே மண்ணை வறுக்கிறது, அப்போதும் எழுவதில்லை. இத்தனை நாளும் அதற்கு ஒரு பருக்கை உணவு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எப்படி உயிர் வாழ்கிறது?

முதலாவது, அது தன் அடுப்பைத் தணித்துவிடுகிறது. சாதாரணக் கூட்டுப்புழுவின் மூச்சை அளந்தால், தொடக்கத்தில் மிகுந்தும், நடுவில் குறைந்தும், பூச்சி உருவாகும் கடைசிக் கட்டத்தில் மீண்டும் மிகுந்தும் இருக்கும். வரைபடமாக எழுதினால் ஒரு பள்ளம் போல் தெரியும். உறக்கத்தில் ஆழும் கூட்டுப்புழு அந்தப் பள்ளத்தின் அடியிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. அடுப்பை அணைக்கவில்லை, சாம்பல் மூடிய நெருப்பாக வைத்திருக்கிறது.

இரண்டாவது, புழுப் பருவத்தில் சேர்த்து வைத்த கொழுப்பு. அதுவே உணவு, அதுவே தண்ணீர். கொழுப்பு எரியும்போது நீரும் உண்டாகிறது. ஒரு கிராம் கொழுப்பு முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் நீர் கிடைக்கும். விளக்கின் எண்ணெயே கிணற்று நீருமாகும் விந்தை இது.

மூன்றாவது, மண் என்னும் போர்வை. கோடை நண்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவது உண்டு. ஆனால் ஒரு சாண் கீழே போனால் அந்தக் கொதிப்பு இறங்குவதில்லை. இரவும் பகலும் அங்கே பெரிய வேறுபாடின்றிக் கழிகின்றன.

இங்கே ஒரு திட்டத்தைக் காணலாம். மெல்லிய முட்டையும், இளம்புழுவும், சிறகுள்ள பூச்சியும் மழைக்குப் பின் வரும் சில வாரங்களில் வந்து போய்விடுகின்றன. அந்தக் கடும் கோடையை எதிர்கொள்ள நான்கு பருவங்களிலும் உறுதியான ஒன்றே நிறுத்தப்படுகிறது. கடினமான காலத்துக்குக் கடினமான உடல். இளகிய காலத்துக்கு இளகிய உடல்.

ஆனால் இந்த உறுதியும் ஓர் இடத்தைச் சார்ந்தது. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும் வரைதான் அது கோட்டை. நம் பாட்டன்மார் கோடை மழை பெய்ததும் நிலத்தை ஓர் உழவு உழுது போட்டுவைத்தார்கள். ஏர் புரட்டிய மண்ணோடு கூட்டுப்புழு மேலே வந்து விழுகிறது. ஒரு சாண் உயரத்தில் அதன் உலகமே மாறிவிடுகிறது. ஓடக் கால் இல்லை. மறுபடி மண்ணைத் துளைக்க வாய் இல்லை. வெயில் அதைச் சுட்டுவிடும்; இல்லையேல் ஏரின் பின்னாலேயே வரும் கொக்கும் மைனாவும் பொறுக்கிவிடும். கோடை உழவு பொன் உழவு என்று ஏன் சொன்னார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் இன்று இதையே முதல் பரிந்துரையாகச் சொல்கிறார்கள்.

பட்டுப்புழுவின் கூட்டுப் பருவமும் ஒரு பாடம் கற்பிக்கிறது. அந்நாட்களில் சூடு 32, 33 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால், வெளிவரும் ஆண் அந்துப்பூச்சிகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சிறகடிக்கும், இணை சேரும். ஆனால் மலடாயிருக்கும். பெண் இடும் முட்டைகள் பொரியா. சூட்டின் காயம் எப்போதும் உடனே தெரிவதில்லை. ஒரு பருவத்தில் பட்ட அடி அடுத்த பருவத்தில்தான் தெரிகிறது.

சிறகுள்ள பூச்சி

ஆனி, ஆடி மாதங்களில் நல்ல மழை ஒன்று பெய்து மண் நனைந்ததும், அடுத்த ஓரிரு இரவுகளில் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வெளிவருகின்றன. வெண்ணிற முன்சிறகில் பழுப்புக் கோடுகளும், முன் விளிம்பில் மஞ்சள் பட்டையும் கொண்டவை இவை. பத்து மாதம் காத்திருந்த உயிருக்கு இப்போது நாட்களே மிச்சம்.

பறப்பது மிகுந்த செலவுள்ள வேலை. பறக்கும் பூச்சியின் உயிர்வளிச் செலவு, ஓய்ந்திருக்கும்போது உள்ளதைவிடப் பல பத்து மடங்கு பெருகும். நம் வீட்டு அரளிச் செடியில் பின்புறம் கொம்பு வைத்த பெரிய பச்சைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது வளர்ந்து பருந்து அந்துப்பூச்சி என்னும் இனத்தைச் சேர்ந்த பெரிய பூச்சியாகும். இவ்வினங்கள் பறக்குமுன் சிறகுகளை நடுநடுங்கச் செய்து மார்பைச் சூடேற்றிக்கொள்கின்றன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெர்ண்ட் ஹைன்ரிக் என்ற விஞ்ஞானி இவ்வினத்துப் பூச்சி ஒன்றை ஆராய்ந்தார். பறக்கும்போது அதன் மார்பின் சூடு 38 முதல் 42 டிகிரி வரை இருந்தது. மிகுந்த சூட்டை இரத்தத்தின் மூலம் வயிற்றுப் பகுதிக்கு அனுப்பி அது ஆற்றிக்கொள்கிறது. அந்த இரத்தக் குழாயை முடிச்சிட்டபோது, மிதமான அறைச் சூட்டிலேயே பூச்சியின் மார்பு அளவு மீறிச் சூடாகி, பறப்பது நின்றுபோயிற்று. பூச்சிகளில் உடல் சூட்டைத் தாமே ஆளுபவையும் உண்டு என்பதை உலகம் இவ்வாறு அறிந்துகொண்டது.

பட்டு அந்துப்பூச்சியோ வாய் இருந்தும் உண்பதில்லை. பறப்பதும் இல்லை. புழுவாயிருந்தபோது தின்ற முசுக்கொட்டை இலையின் சேமிப்பைக் கொண்டே இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிகிறது.

உறங்கும் புழுவும் உறங்காப் புழுவும்

2018ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு ஒரு புதிய விருந்தாளி வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு முதலில் கர்நாடகத்திலும், அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் மக்காச்சோளத்தைத் தாக்கியது. இப்புழுவுக்குக் கூட்டுப்புழு உறக்கம் கிடையாது. குளிர் நாடுகளில் உறைபனியில் அது பிழைக்காது. குளிர்ந்த பருவத்தில் அதன் வாழ்க்கைச் சுற்று இரண்டு, மூன்று மாதங்கள் வரை நீளும். நம்மூர்ச் சூட்டிலோ ஏறத்தாழ முப்பது நாட்களில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது.

கம்பளிப்புழு வெயிலை உறங்கிக் கழிக்கிறது. படைப்புழு வெயிலைக் கொண்டே ஓடுகிறது. ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

இதில் நம் காலத்துக்குரிய கவலையும் அடங்கியிருக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஒரு டிகிரிகூட இல்லையே என்று தள்ளிவிடலாகாது. சூடு ஏறினால் எல்லாப் பூச்சியும் பெருகும் என்றும், எல்லாம் அழியும் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்பவர் இருவருமே அவசரப்படுகிறார்கள். எந்தப் பூச்சி, அதன் எந்தப் பருவம், அந்நேரத்தில் அது இலைக்கு அடியிலா, தண்டுக்கு உள்ளேயா, மண்ணிலா என்று கேட்ட பிறகே விடை சொல்ல முடியும். பயிருக்கு உதவும் உயிர்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். கரும்பின் இடைக்கணுப்புழுவின் முட்டைகளை அழிக்க விடப்படும் டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவியை முட்டை அட்டைகளில் வைத்துத் தருகிறார்கள். அந்த அட்டையை வெயில் ஏறுமுன் காலையிலோ, மாலையிலோ இலையின் அடிப்புறத்தில் கட்ட வேண்டும். உச்சி வெயிலில் கட்டினால் நண்பனைச் சுட்டுவிட்டுப் பகைவனைக் காத்தவராவோம்.

நாம் செய்யக்கூடியவை

மழை பெய்த அடுத்த இரவுகளில் வயல்களில் விளக்குப் பொறி வைத்தால், முட்டையிடுமுன்பே தாய்ப்பூச்சிகள் வந்து விழும். இலையடியிலுள்ள முட்டைக் குவியலையும், கூட்டமாக இலையைச் சுரண்டும் இளம்புழுக்களையும் இலையோடு கிள்ளி அழிக்கலாம். புழு பெரிதாகி வயல் விட்டு வயல் படையெடுக்கும்போது, ஓரங்களில் செங்குத்தான பக்கங்களுடன் ஓர் அடி ஆழக் கால்வாய் வெட்டினால் அதில் விழுந்து சிக்கும். அறுவடைக்குப் பின் கோடை உழவு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு வாசல். புழு பெருத்து மயிர் அடர்ந்த பின் மருந்துக்கு ஓடுவது, வாசல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டுக் கொல்லையில் காவல் நிற்பதற்குச் சமம். செலவும் மிகும், நஞ்சும் மிகும். கம்பளிப்புழுவின் மயிர் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆகவே யாரும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

தங்கைகளுக்கு ஒரு செய்முறை. ஆசிரியையின் அனுமதியுடன் ஆய்வுக்கூட வெப்பமானிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நிழலில்லாத ஓரிடத்தில் ஒரு குச்சியால் ஒரு சாண் ஆழத்துக்குத் துளையிட்டு, ஒன்றை அதில் மெல்ல இறக்குங்கள். மற்றொன்றின் குமிழை மண்ணின் மேலேயே மெல்லிய புழுதியால் மூடி வையுங்கள். காலை எட்டு மணி, பிற்பகல் இரண்டு மணி, மாலை ஆறு மணி என மூன்று வேளையும் ஒரு வாரம் அளவெடுத்து அட்டவணை எழுதுங்கள். பிறகு இரண்டு கோடுகளாக வரைபடம் வரையுங்கள். மேற்கோடு மலையாக ஏறி இறங்கும். கீழ்க்கோடு அமைதியாகச் செல்லும். அந்த இரு கோடுகளுக்கும் இடையேதான் கூட்டுப்புழுவின் பிழைப்பும், உழவரின் ஏரும் இருக்கின்றன.

கடலூரின் கரும்பு ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், அண்ணாமலைநகரின் வேளாண்மைப் புலம் ஆகியவை நம் வாசலிலேயே உள்ளன. பூச்சியியல் ஆண்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணிய காலம் போயிற்று. பள்ளிப் படிப்பை முடித்ததும் நம்மில் சிலர் அங்கே நுழைந்து, நம் வயல்களின் புழுக்களையும் அவற்றின் காலத்தையும் கணக்கிட்டு, வீட்டாருக்கு வழி சொல்லும் நாள் வர வேண்டும். பெற்றோர்களும் அதற்கு மனமுவந்து இடந்தர வேண்டுகிறோம். அதுவரை இந்தக் கோடையில் நாம் ஒவ்வொருவரும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நம் கொல்லையில் கோடை உழவு ஆயிற்றா?"